நாற்பத்து நான்கு வெள்ளி

இரண்டாயிரம் வெள்ளி. ஐம்பது வாரம்.
வாரம் நாற்பத்து நான்கு.
பழைய சாமான் கடையில்
மாவாட்டும் இயந்திரத்துக்கு விலை பேசும்போது சொன்னேன்.
ஆ செங் கையை உதறினான்:
"ரெண்டு நாலா? எங்க பாஷையில ரெண்டு சாவு, தங்கச்சி."

எங்கள் சாவுக்குப் பத்து இலக்கம்.
லாபிஸ் முழுக்க விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருக்கிறது,
அவசரக் கடன், உடனே அழையுங்கள் என்று.

வங்கியில் சம்பளச் சீட்டு கேட்டார்கள்.
தோட்டம் கைமாறிய வருடம்
கிராணி ஆபீசுக்குப் பின்னால் ஒரு நாள் முழுக்கப் புகை வந்தது.
பதினாறு வருடம் பால் வெட்டினேன்
என்பதற்கு என் வலது தோள்பட்டைதான் சாட்சி.
அதைக் கவுண்டரில் கழற்றி வைக்க முடியாது.

மோட்டார் சைக்கிளில் வந்த சித்தி ஹஜார்
தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:
"உன்னோடு சேர நாலு பேர் யார்?"
வேறு எதுவும் கேட்கவில்லை.
ஜாமீன் என்றால் நகை, நிலம் என்று நினைத்திருந்தவள் நான்.
பிளோமினாவின் மீன் பொரியல் எனக்கு நிலமானது.
தவமணியின் கோழிக்கூண்டு,
ரோகிணியின் பள்ளிக்கூடச் சிற்றுண்டி,
அஞ்சாலையின் தையல் மெஷின்.
என் இட்லி மாவு அவர்களுக்கு.

செவ்வாய்க்கிழமை பத்து மணி, பாலாய் ராயா.
ஐந்து பேர் பணமும் மேசைக்கு வரும்வரை
யாரும் எழக்கூடாது.

பத்தொன்பதாவது வாரம்
அஞ்சாலையின் நாற்காலி காலி.
பதினொன்றரை ஆயிற்று. மின்விசிறி சுற்றியது.
மாவு புளித்துப் பொங்கிக்கொண்டிருக்கும் வீட்டில்,
பிளாஸ்டிக் பையில் கட்ட ஆளில்லாமல்.

போய்ப் பார்த்தோம்.
கதவில் சிவப்புச் சாயம்,
ஒரு வாளி முழுக்க வீசியிருந்தார்கள்.
கம்பத்து எண்ணை அழைத்தது அவள் புருஷன்.
சாயம் அவள் பெயரில்.
தையல் மெஷின் இருந்த இடத்தில்
தரையில் நான்கு கால் தடம்,
சுற்றிலும் நூல் துணுக்குகள்.

நாலு பேருக்குத் தலைக்குப் பதினொன்று.
பதினொரு வெள்ளி என்றால் நான்கு பை மாவு.
நான் நல்லவள் என்று யாரும் எழுத வேண்டாம்.
கொடுக்கும்போது வாய்க்குள் ஏசினேன்.
ரோகிணி சத்தமாகவே ஏசினாள்.
விதி கொடுக்க வைத்தது; நாங்கள் கொடுத்தோம்.
ஏழு வாரம்.

இரண்டாவது வாரம் விடிகாலை நாலு மணிக்கு
பின்கதவை யாரோ தட்டினார்கள்.
அஞ்சாலை ஒன்றும் சொல்லவில்லை.
ஊறிய உளுந்தை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.
நானும் ஒன்றும் கேட்கவில்லை.
இயந்திரம் ஓடும்போது பேசவும் முடியாது,
அது வசதியாக இருந்தது.
இரண்டு பேர் கை பட்டதில்
முப்பது பை அறுபதானது.
ஆ செங்கின் மைத்துனன் சாப்பாட்டுக் கடைக்கும் கேட்டான்.
எட்டாவது வாரம் தன் நாற்பத்து நான்கை
அவளே மேசையில் வைத்தாள்,
எல்லாம் ஒரு வெள்ளித் தாள்கள்,
ஓரத்தில் மாவு காய்ந்து.

ஐம்பதாவது வாரம் சித்தி ஹஜார்
ஒரு படிவம் நீட்டினாள்.
வாழ்க்கை முன்னேறியதா? ஆம், இல்லை.
நான் யோசித்தேன்.
மளிகைக் கடைக்காரரைக் கண்டால்
இப்போது எதிர்ப்பக்கம் தாண்டிப் போவதில்லை.
கரண்ட் பில் கட்டியாயிற்று.
மழை பெய்தால் இன்னமும் கூரை ஒழுகுகிறது.
அஞ்சாலையின் கதவை வெள்ளையடித்தோம்;
வெயில் ஏறினால் உள்ளே இருந்து சிவப்பு தெரிகிறது.
இவ்வளவுக்கும் கட்டம் இரண்டுதான்.
ஏதோ ஒன்றில் கோடு போட்டேன்.

அடுத்த தாள் அடுத்த கடனுக்கு.
ஐந்து கோடு, ஐந்து பெயர்.
மூன்று பெயர் நிரம்பியிருந்தது.
என் பெயரை எழுதினேன்.
கடைசிக் கோட்டில் பேனா நின்றது.
ரோகிணி என்னைப் பார்த்தாள், பிறகு சன்னலைப் பார்த்தாள்.

அஞ்சாலை என்று எழுதினேன்.
"அவங்க ஐசி நம்பர்?" என்றாள் சித்தி ஹஜார்.
பன்னிரண்டு இலக்கம்.
என்னைக் கேட்டால்
தூக்கத்தில்கூடச் சொல்வேன்.